தையல்காரப் பெண் எந்தக் கணக்கில் வருகிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகமயமாக்கல் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் எனக்கு அலுத்துவிட்டது. நான் கேட்க நினைப்பது சின்னக் கேள்விதான்.

பன்னாட்டு நிறுவனங்கள் வருடா வருடம் பன்முகத்தன்மை அறிக்கை என்று ஒன்றை வெளியிடுகின்றன. பெண்கள் இத்தனை சதவீதம், சிறுபான்மையினர் இத்தனை சதவீதம், அட்டையில் சிரித்த முகங்கள். சரி, இருக்கட்டும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் அந்தச் சதவீதம் பெரும்பாலும் நேரடிச் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களை வைத்துப் போட்டது. அந்த நிறுவனத்தின் சட்டையை இன்னொரு நாட்டில் தைப்பவர், அதன் அலுவலகத்தையே இரவில் பெருக்குபவர், இவர்களெல்லாம் ஒப்பந்தக்காரரின் ஆட்களாம், கணக்கில் வரமாட்டார்கள்.

வங்கதேசத்தின் ராணா பிளாசாவை நினைத்துப் பாருங்கள். 2013 ஏப்ரல் 23 அன்று, ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. மேல் மாடிகளில் தைத்தவர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள், வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டியதாக உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். 24ஆம் தேதி காலையே கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள், அதிகமும் பெண்கள். ஒரே கட்டடம், ஒரே விரிசல், யார் வீட்டில் இருக்கலாம் யார் உள்ளே போக வேண்டும் என்பது மட்டும் வேறு வேறு.

இதைச் சொன்னால், அந்தப் பெண்களுக்கு முதன்முதலாகக் கையில் சம்பளம் வந்ததே ஆடை ஏற்றுமதியால்தானே என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. அந்த வேலை போக வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை (தொலைவில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது எளிது). ஆனால் அந்த வேலையில் பாதுகாப்பு எப்போது வந்தது என்று பாருங்கள். விபத்துக்குப் பிறகு தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையெழுத்திட்டன, அப்புறம்தான் தொழிற்சாலைகளில் தீயணைப்பு, மின்சாரம், தூண்களின் உறுதி எல்லாம் முறையாகச் சோதிக்கப்பட்டன. அதுவரை நிறுவனங்கள் தாமாகவே எழுதிவைத்திருந்த நன்னடத்தை விதிகள் அலமாரியில்தான் இருந்தன.

பிரான்ஸ் 2017இல் சட்டம் போட்டது, ஜெர்மனியில் 2023 முதல் ஒன்று நடைமுறையில் இருக்கிறது, பெரிய நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் தருபவர்களிடம் நடக்கும் உரிமை மீறல்களையும் கவனிக்க வேண்டும் என்று. பல நாடுகள் இன்னும் அறிக்கையிலேயே திருப்தியாகிவிடுகின்றன.

அடுத்த ஆண்டு அறிக்கையில் ஒரே ஒரு பக்கம் கூடுதலாகப் போடட்டும்: எந்தெந்தத் தொழிற்சாலைகள், அங்கே என்ன கூலி, மேற்பார்வையாளர்களில் எத்தனை பேர் பெண்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்