ஓரத்தில் ஒரு முழங்கை

அன்புள்ள மகளுக்கு,

பாட்டியின் பழைய புகைப்படத்தைப் பார்த்து நீ எழுதி அனுப்பிய கவிதையை மூன்று முறை படித்தேன். முதல் முறை அப்பாவாகப் படித்தேன், கண் கலங்கியது. மற்ற இரண்டு முறையும் கையில் பென்சில் இருந்தது. பாட்டியின் நரைத்த தலை, பொக்கைச் சிரிப்பு, மடியில் கோத்த விரல்கள் என்று இருபத்திரண்டு வரிகளில் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, அவ்வளவும் படத்திலேயே இருக்கிறது. படத்தைப் பார்த்தவனுக்கு உன் கவிதை எதற்கு?

‘காலம் வரைந்த கோடுகள்’ என்ற வரியை முதலில் அடித்துவிடு. முகச் சுருக்கத்தைக் கண்டதும் யாருக்கும் கைக்கு வருகிற வரி அது. நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான்.

அந்தப் படத்தின் மூலப் பிரதி என்னிடம் இருக்கிறது. இன்று காலை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாட்டியின் இடது செருப்பு காலைவிட்டுக் கழன்று பக்கவாட்டில் கிடக்கிறது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. படத்தின் வலது ஓரத்தைப் பார்க்கிறாள். அங்கே பழுப்பாக ஒரு தீற்றல். பிரிண்ட் போட்டவரின் விரல் பட்ட கறை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது ஒரு முழங்கை. உன்னுடையது. பாட்டியோடு நிற்கச் சொன்னதற்கு ‘மாட்டேன்’ என்று ஓடினாய். அப்போது உனக்கு ஐந்து வயது.

ஓடுகிறவர்களைக் கேமராவுக்குப் பிடிக்காது. 1838-இல், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டாகேர் பாரிஸில் ஓர் உயரமான ஜன்னலிலிருந்து தெருவைப் படமெடுத்தார். தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் பிடித்த காலம் அது. வண்டிகளும் நடந்தவர்களும் பதியாமல் போனார்கள். தெருவே வெறிச்சோடிக் கிடப்பதுபோல் இருக்கிறது. காலணிக்குப் பாலிஷ் போட ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்த ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் அவரிடம் நிற்பதில்லை. மற்றவர்கள் எங்கே என்றுதான் தேடுகிறது.

குறுந்தொகையின் 25-ஆம் பாட்டை எடுத்துப் பார். ஐந்தே அடி. தலைவன் தன்னைச் சேர்ந்த அன்று சாட்சிக்கு யாருமே இல்லை, ஒரு குருகு மட்டும் நின்றது என்கிறாள் தலைவி. தினையின் தாளைப் போன்ற மெல்லிய கால் அதற்கு. அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது! காதலர் முகம் எப்படி இருந்தது என்று கபிலர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஓரத்தில் நின்ற பறவையின் காலைக் காட்டினார். அவன் பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்ற அவளுடைய பயம் முழுவதும் அந்தக் காலில்தான் நிற்கிறது.

ஆகவே இப்படிச் செய்து பார். படத்தை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வை. எழுதி முடிக்கும்வரை திருப்பாதே. மறந்துபோனதெல்லாம் கவிதைக்கு வேண்டாதது என்று வைத்துக்கொள். ஹைக்கூ என்று 5-7-5 எண்ணிக்கொண்டும் உட்காராதே. அது ஜப்பானிய மொழியின் ஒலிக்கணக்கு, தமிழை அதற்குள் திணித்தால் சொற்கள் நொண்டுகின்றன.

உனக்குச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கலாமா? இதை எழுதினேன்:

ஒரு செருப்பு கழன்றிருக்கிறது.
எழுந்து போகப் பார்த்தாள் போலும்.
‘அசையாதே அம்மா’ என்றேன்.
அசையவில்லை.

கடைசி வரி வேண்டுமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நேற்று அடித்தேன், இன்று மறுபடியும் எழுதிக்கொண்டேன். நீயே சொல்.

முழங்கையை நான் தொடவில்லை. அது நீ எழுத வேண்டியது. அன்று ஏன் ஓடினாய் என்று நான் உன்னை ஒருநாளும் கேட்டதில்லை.

அன்புடன்,
அப்பா