500 மீட்டர் டார்ச்சும் காலடி இருட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்காலத்துக்கு வீட்டில் வாங்கி வைக்க வேண்டியவை என்று சென்ற இதழில் வந்த பட்டியலில் ‘நல்ல பவர் உள்ள டார்ச் லைட்’ என்று ஒரு வரி இருந்தது. அந்தப் ‘பவர்’ என்ற சொல்லை நம்பி வாங்கித்தான் நான் ஏமாந்தேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியில் எங்கள் தெருவே கரண்ட் இல்லாமல் கிடந்தது. சில வாரம் முன்பு வாங்கிய டார்ச் ஒன்று கையில் இருந்தது. பெட்டியில் ‘500 மீட்டர்’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். மொட்டை மாடியிலிருந்து அடித்தால் நாலு கட்டடம் தள்ளியிருக்கும் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரியும். ஆனால் அன்று இரவு அம்மாவைப் படியிறக்கிக் கூட்டி வந்தபோது கிடைத்தது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம், சுற்றிலும் கும்மிருட்டு. வட்டத்தைக் காலடிக்குக் கொண்டுவந்தால் தேங்கிய தண்ணீரில் பட்டுக் கண் கூசியது, அடுத்த படி மறைந்தது. தரை வந்துவிட்டது என்று அம்மா கால் வைத்த இடத்தில் இன்னும் ஒரு படி இருந்தது. கணுக்கால் பிசகி ஒரு மாதம் நடக்க முடியாமல் இருந்தார்.

அப்புறம்தான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம் லூமென். அது ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்பது கேண்டெலா. ஒரு குடம் தண்ணீரைப் பூவாளியில் ஊற்றினால் பாத்தி முழுக்க நனையும். அதையே குழாய் முனையை விரலால் அழுத்திப் பீய்ச்சினால் தூரத்துச் செடிக்குப் போகும், பக்கத்துச் செடி காய்ந்தே இருக்கும். தண்ணீர் அதேதான். பல்பைச் சுற்றிக் கிண்ணம் போல இருக்கும் ரிஃப்ளெக்டர் ஆழமாக, வழவழப்பாக இருந்தால் அது பீய்ச்சுகிற வகை. சொரசொரப்பான ரிஃப்ளெக்டரோ பால் நிறக் கண்ணாடியோ இருந்தால் வெளிச்சம் பரந்து விழும்.

அந்த 500 மீட்டரும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. டார்ச்சுகளை அளக்க 2009-இல் அமெரிக்காவில் வந்த எஃப்எல்1 தரப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாக (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு லக்ஸ்) குறையும் இடம் வரைதான் தூரக் கணக்கு. அது ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம், அவ்வளவுதான். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்தத் தூரம் மீட்டரில் வந்துவிடும்: 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர், 500 மீட்டருக்கு 62,500 கேண்டெலா வேண்டும்.

தூரம் பாயும் டார்ச் வீண் என்று சொல்லவில்லை. தெருமுனையில் மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பால்கனியிலிருந்தே பார்க்க எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது. ஆனால் படிக்கட்டுக்கும், தண்ணீர் மூடிய சாலையில் பள்ளமும் திறந்த வடிகாலும் தேடி நடப்பதற்கும், 200, 300 லூமெனே ஆனாலும் பரந்து விழுகிற விளக்கு வேண்டும். அது இல்லாத வீட்டில், அறைக்குள்ளாவது டார்ச்சை வெள்ளை அடித்த கூரையைப் பார்த்து நிமிர்த்தி வையுங்கள். அறை முழுக்க வெளிச்சம் பரவும்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது ‘டார்ச்’ என்ற ஒற்றை வரியை இரண்டாக்குங்கள்: தூரத்துக்கு ஒன்று, காலடிக்கு ஒன்று. ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர்களுக்குக் காலடிக்கானதைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை