பொதுச் சமையலுக்கு ஆள் ஏன் வர்றதில்ல?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சங்கம், குடியிருப்பு, வழிபாட்டு இடம்னு எங்க பொது நிகழ்ச்சி நடந்தாலும் சாப்பாட்டை நாங்க பாத்துக்கிறோம்னு முன்னாடி வர்ற ஒரு சின்னக் கூட்டம் இருக்கும், அதுல நானும் ரொம்ப வருஷமா ஒருத்தியா இருக்கேன். சம்பளம் கிடையாது, எதிர்பாக்கவும் இல்ல. ஆனா அந்தக் கூட்டம் சுருங்கிக்கிட்டே வருது, புதுசா வர்றவங்க ஒரு தடவை வந்துட்டு அடுத்த தடவை போனை எடுக்கிறதே இல்ல. சோம்பேறித்தனம்னு சிலர் பேசுறாங்க, எனக்கு அது சுத்தமா ஒத்துக்க முடியாத பேச்சு. அடுப்புச் சூட்டுக்குப் பயந்து யாரும் ஓடல. சமையல்கட்டுக்கு வெளிய எடுக்க வேண்டிய முடிவை யாருமே எடுக்காம விட்டுட்டு, கடைசில அத்தனையும் உள்ள நிக்கிறவங்க தலைல வந்து விழுது, அதுதான் காரணம்.

ஆள் கணக்கையே எடுத்துக்கோங்க. வாட்ஸ்அப் குரூப்ல எத்தனை பேர் வர்றீங்கன்னு கேட்டா பாதிப் பேர் பதிலே போட மாட்டாங்க, முந்தின நாள் ராத்திரி போன் வரும், இன்னும் ஒரு 50 பேர் வருவாங்க போலிருக்கு, கொஞ்சம் சேத்துப் போட்ருங்கன்னு. கொஞ்சம் சேத்துப் போடுறது வீட்ல நாலு பேருக்கு சமைக்கும்போது நடக்கும். 100 பேருக்குன்னு பாத்திரம், அடுப்பு எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டு 150 பேருக்கு சமைக்கணும்னா அதே அடுப்புல கொதி வரவே ஒன்றரை மடங்கு நேரம் ஆகும், ஊற வைக்க வேண்டிய பருப்பு ராத்திரியே ஊறியாகணும், தண்ணியும் உப்பும் காரமும் அளவைப் பெருக்கி அப்படியே கொட்டிட முடியாது, கொஞ்சம் கொஞ்சமா போட்டு ருசி பாத்துத்தான் கொண்டு வரணும். வர்றேன்னு சொன்னவங்க வராம போனா இன்னும் மோசம், மிஞ்சிப்போன அண்டாவைப் பாத்து எதுக்கு இவ்ளோ சமைச்சீங்கன்னு கேக்குறது எங்களைத்தான்.

எனக்கு ரொம்ப மனசு கொதிக்கிறது சாப்பாடு பாதுகாப்பு விஷயத்துலதான். பன்னெண்டரைக்குப் பந்தின்னு சொல்லி அதுக்கேத்த மாதிரி இறக்கி வெச்சா, மேடைல பேச்சு இழுத்துக்கிட்டே போயி ரெண்டரை மூணு மணிக்குத்தான் விடுவாங்க. சமைச்ச உணவை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்கக் கூடாது, சூடா பரிமாற வேண்டியதை 60 டிகிரிக்கு மேலயே வெச்சிருக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, ஏன்னா 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமி வேகமா பெருகும். பெரிய அண்டால மேல ஆறின மாதிரி தெரிஞ்சாலும் நடுவுல மணிக்கணக்கா வெதுவெதுப்பு இருக்கும், கிருமிக்கு அதைவிட வசதியான இடம் வேணுமா? அதனாலதான் மிஞ்சினதை ஆழமில்லாத தட்டுகள்ல பிரிச்சு சீக்கிரமா ஆற வெச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னு கத்துறோம். சோத்துல வளர்ற ஒரு வகைக் கிருமி இருக்கு, அது உண்டாக்குற விஷம் திரும்ப சூடு பண்ணினாலும் போகாது. இதைச் சொல்லி கொட்டிடலாம்னு சொன்னா, வாசனை கூட மாறலையே, நல்லாத்தானே இருக்கு, பொட்டலம் கட்டிக் குடுத்துருங்கம்மா வேஸ்ட் பண்ணாதீங்கன்னு பதில் வருது. கெட்டுப்போன சாப்பாடு எல்லாமே நாறாதுங்க. நாளைக்கு ஒரு குழந்தை வாந்தி எடுத்தா முதல்ல யாரைக் கேப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஒவ்வாமையும் அப்படித்தான். வேர்க்கடலை, எள்ளு, பால், முட்டை, கோதுமை எது யாருக்கு ஆகாதுன்னு முன்னாடியே சொன்னா தனிப் பாத்திரம் தனிக் கரண்டி வெச்சு செய்ய முடியும், இலைல உக்காந்தப்புறம் கேட்டா நாங்க என்ன பண்றது? அந்தக் கரண்டியையே மாத்திப் போட்டாக்கூட சிலருக்கு உயிருக்கே ஆபத்து. இதுல இன்னொண்ணு, வயித்துப்போக்கு வாந்தி வந்த ஆளு அது நின்னு 48 மணி நேரம் வரைக்கும் சமையல் பக்கம் வரக் கூடாது, அப்படி உடம்பு சரியில்லாம ஒருத்தங்க வரலன்னு சொன்னா சாக்கு சொல்றாங்கன்னு பேசுறது ரொம்ப அநியாயம், அவங்க பண்ணினதுதான் சரி.

தூக்குற வேலை, கழுவுற வேலை ரெண்டையும் பத்தி எத்தனை தடவை சொன்னாலும் போதாது. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, அப்போ 40 லிட்டர் குழம்பு அண்டா பாத்திரத்தோட சேத்து எவ்ளோ கனம்னு நீங்களே பாத்துக்கோங்க, அதுவும் கொதிக்க கொதிக்க, அதை ரெண்டு வயசான பொம்பளைங்க இறக்கிட்டிருப்பாங்க, வாசல்ல திடகாத்திரமான பசங்க செல்ஃபி எடுத்துட்டிருப்பாங்க. எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பினப்புறம் விடியக்காலைலேருந்து நின்ன அதே ஆளுங்கதான் அடி புடிச்ச பாத்திரத்தையும் தேய்க்கணும். கைக்காசு போட்டு வாங்கின பில்லுக்கு பணம் வர்றதுக்கு மாசக்கணக்காகுது, அதைத் திரும்பத் திரும்பக் கேக்கவே கூச்சமா இருக்கு.

நிகழ்ச்சி நடத்துறவங்ககிட்ட நான் கேக்குறது பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. திட்டம் போடுற கூட்டத்துல சமைக்கிறவங்கள்ல ஒருத்தரையாவது உக்கார வைங்க. ஆள் கணக்குக்கு ஒரு கடைசி நாள் வைங்க, அதுக்கப்புறம் சேர்றவங்களுக்கு சாப்பாடு உறுதி இல்லைன்னு நீங்களே சொல்லிடுங்க, அதை எங்க வாயால சொல்ல வைக்காதீங்க. பந்தி நேரம் தள்ளிப்போகுதுன்னா ஒரு மணி நேரம் முன்னாடியாவது உள்ள வந்து சொல்லுங்க. சாப்பாட்டைக் கொட்டணுமா வேண்டாமான்னு சமைச்சவங்க சொல்றதுதான் முடிவுன்னு மைக்லயே அறிவிங்க. வாங்க வேண்டிய பொருளுக்கான பணத்தை முன்பணமாவே குடுத்துருங்க. அப்புறம் சமைக்க வர்றவங்க பேரை எழுதுற அதே நோட்டுல, அதே கூட்டத்துல, பாத்திரம் கழுவ வர்றவங்க பேரையும் எழுதிட்டு எந்திரிங்க, அந்த ரெண்டு லிஸ்ட்லயும் ஒரே பேர் வரக் கூடாது.

இப்படிக்கு,
பொதுச் சமையலுக்குப் போற ஒரு வாசகி