பதினைந்தாவது ஆள்

கிளிநொச்சி

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். காலபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கிறது, மழை இனிக் கொஞ்சம் ஒதுங்கினால் நல்லது. புதுக்குடியிருப்பில் இருபது ஜூக்கித் தையல் மெசின் போட்டுத் தையல் நிலையம் தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய்.

தொடங்கலாம். ஆனால் ‘வன்னியில் வேலை இல்லை’ என்ற ஒரு வரியை வைத்துக் கணக்குப் போடாதே. வேலை இருக்கிறது, முதற்படியோடு நின்றுவிடுகிறது என்பதுதான் சிக்கல். 2009க்குப் பிறகு வந்த ஆடைத் தொழிற்சாலைகளைப் பார். தைப்பது இங்கே. துணி வாங்குவது, ஓடர் பிடிப்பது, விலை பேசுவது எல்லாம் கொழும்பில். மெசினில் இருந்த பிள்ளை மேற்பார்வைக்கு வரலாம், அதற்கு மேலே போகச் சிங்களமோ ஆங்கிலமோ வேண்டும். ஓடரும் நிலையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் மனித உரிமைக் காரணம் சொல்லி ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது, 2017இல் திருப்பித் தந்தது. விசுவமடு ஆலையில் தைக்கிற பிள்ளையின் ஓவர்டைம் ஐரோப்பாவில் எடுக்கிற முடிவாலும் ஆடும்.

இனி உன் கணக்கு. 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா, நாட்சம்பளம் 1,200. (வயலுக்கு மருந்தடிக்கப் போகிற ஆண் ஒருவன் 1,200க்கு வரமாட்டான். அந்தச் சட்டத் தொகை உண்மையில் பெண்களின் சம்பளம்தான்.) 30,000இல் ஈ.பி.எப்புக்கு (ஊழியர் சேமலாப நிதிக்கு) மெசினில் இருக்கிற பிள்ளையிடம் 8 வீதம், 2,400 கழியும். நீ 12 வீதம், 3,600 போடவேண்டும். ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 900, அதுவும் உன்னுடையது. ஆக அவள் கைக்கு 27,600, உன் கையால் 34,500. இருபது பேருக்கு மாதம் 6,90,000. மின்சாரம், நூல், ஊசி, வாகனம் இதற்குள் இல்லை.

இங்கே பல முதலாளிமார் பதினான்கு பேரோடு நிறுத்திவிடுவதைக் காண்பாய். ஆள் கிடைக்காமல் அல்ல. பதினைந்து பேர் என்றதும் 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வந்துவிடும்: ஐந்து வருடம் முடித்தவர் வேலையை விடும்போது, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தற் சட்டமும் அதே எல்லையில்தான் தொடங்குகிறது. அதற்கு மேல் ஆளை நினைத்தபடி நிறுத்த முடியாது, அவரின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். தொழிலாளியைக் காக்க எழுதிய கோடு, சின்ன நிலையத்தைச் சின்னதாகவே வைத்திருக்கிற கோடாகவும் ஆகிவிட்டது. பதினைந்தாவது ஆளைக் ‘கொந்தராத்து’ ஆள் என்று சொல்லி, பதிவுக் கொப்பியில் காட்டாமல் வைப்பதும் நடக்கிறது. நீ அதைச் செய்யாதே. இருபது பேரின் பணிக்கொடைக்கு மாதம் தலைக்கு 1,250 ரூபா தனிக்கணக்கில் ஒதுக்கு. அரை மாதச் சம்பளமான 15,000ஐப் பன்னிரண்டால் பிரித்தால் அதுதான் வரும். ஐந்தாம் வருடம் ஒரேயடியாகத் தேடப்போனால்தான் முதலாளி ஓடுவான்.

ஈ.பி.எப். பற்றி அதிகம் சொல்லவேண்டும், ஏனென்றால் வன்னியில் மிக மலிவாக விட்டுக்கொடுக்கப்படுவது அதுதான். ‘நாட்கூலிக்கு ஈ.பி.எப். இல்லை’ என்பார்கள். பிழை. நாட்கூலி, துண்டுக்கூலி, பயிலுநர், தற்காலிகம், எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம் முடியமுன் கட்டவேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும். ஆனால் காசு கட்டுவதைவிடப் பெயரில்தான் அதிகம் பிழைக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, சம்பளப் பட்டியலில் ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து. தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்ற குழப்பம் வேறு. இடம்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்து, பிறகு பிரதி எடுத்தவர்களுக்கு இது இரட்டிப்பு. பழைய ஒன்பது இலக்க அட்டையோடு வேலையில் சேர்ந்து, பிறகு பன்னிரண்டு இலக்க அட்டை எடுத்தால் ஒருத்தியின் காசு இரண்டு கணக்கில் நிற்கும். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு அந்தக் காசை எடுக்க உரிமை உண்டு. எடுக்கப் போகும்போதுதான் எழுத்து பொருந்தவில்லை என்று தெரியவரும், தொழில் அலுவலகத்துக்கு நடக்கிற பஸ் காசே ஒரு தொகையாகும். முதல் மாதமே அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பதிவு செய். ஒரு பின்னேர வேலை, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஈ.பி.எப். பத்து வருடம் கட்டி, நிலுவை மூன்று லட்சமும் சேர்ந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதத்தை இடையிலேயே எடுக்கலாம். பிணையாளி தேவையில்லை. காணி உறுதி இல்லாத வீட்டில் அதன் பெறுமதி உனக்குத் தெரியும்.

காணி என்றதும் மலையகத்திலிருந்து வந்த எங்கள் சனத்தின் கதை வருகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடியுரிமை போனது, எழுபதுகளில் தோட்டங்களில் பட்டினி, 1977 கலவரம். வன்னிக்கு வந்து காடு வெட்டினார்கள். சிறுபான்மைக்குள் சிறுபான்மை என்று நீ எழுதியது சரி. 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைத் தந்தது, ஆனால் வாய்க்கால் தண்ணீர் பாய்கிற வயல் பெரும்பாலும் முந்தி வந்தவர்களிடம். இவர்கள் அந்த வயலில் கூலி. அரிவு வெட்டும் சூடடிப்பும் இருந்தவரைக்கும் ஒரு போகத்துக்கு இத்தனை நாள் என்று வருமானம் இருந்தது. ‘சுனாமி’ என்கிற அறுவடை மெசின் வந்து, பல நாள் கூலியை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போகிறது. மெசினைக் குறை சொல்லவில்லை. அந்தக் கூலிநாட்களுக்குப் பதிலாக ஒரு வேலையையும் யாரும் யோசிக்கவில்லை.

கையில் அரச காணிக்கான உத்தரவுப் பத்திரம் இருந்தாலாவது பரவாயில்லை. காணி யாருக்கு என்று தீர்மானிக்கிற காணிக் கச்சேரிக்குக் கூப்பிடும்வரை பார்த்திருக்கிற குடும்பங்கள் இன்னும் உண்டு. சில இடத்தில் அதற்குள் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் வந்துவிடும். பத்திரம் இல்லாதவருக்கு வங்கி கேட்பது இரண்டு அரச உத்தியோகத்தர் பிணை. கூலிக்குப் போகிறவளுக்கு எந்த உத்தியோகத்தர் கையெழுத்து வைப்பார்? அந்த இடைவெளியில்தான் குழுக்கடன் நுழைந்தது: குழுவாகப் பெண்கள், கிழமைக்கொரு தவணை, ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். 2018இல் அரசாங்கம் வருட வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு வைத்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முந்தியதை நீயே யோசி. வறட்சி மாவட்டப் பெண்களின் சில சிறு கடன்களை ரத்தும் செய்தார்கள். உன்னிடம் வருகிறவளுக்கு இப்படியொரு தவணை இருக்கும். சம்பளத்தை மாத முடிவில் கொடுத்தால், கிழமைத் தவணைக்காகத் தோட்டக் கூலிக்குப் போய்விடுவாள், நீ அதை ‘ஒழுங்கில்லை’ என்று எழுதுவாய். மாதத்துக்கு இரண்டு முறை கொடு.

கைக்குழந்தைக்காரியை எடுக்கவேண்டாம் என்று உனக்குப் பலர் சொல்லுவார்கள். காரணம் இருக்கிறது: பிரசவ விடுமுறை 84 நாள், அந்த நாட்களுக்கான கொடுப்பனவு முதலாளியின் தலையில், அரச நிதியம் ஒன்றும் இல்லை. ஆயிரம் பேர் வேலைசெய்யும் ஆலைக்கு அது கணக்கில் ஒரு வரி, இருபது பேர் நிலையத்துக்கு ஒரு பாரம். ஆனாலும் குடும்பத்தைத் தனியே தாங்குகிற பெண்களை நினைத்துத்தானே தொடங்குகிறாய்? ஒரு அறையை ஏணைக்கு விடு, ஒரு ஆச்சியைச் சம்பளத்துக்கு வை.

அரச வேலை ஆசையை மாற்றலாம் என்று மட்டும் நினைக்காதே. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும் என்பது பழைய பேச்சு, ஓய்வூதியம் இருக்கும்வரை அதில் நியாயமும் உண்டு. யுத்தத்துக்குப் பிறகு சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணைகளுக்கும் முன்பள்ளிகளுக்கும் ஆள் எடுத்தபோது, உள்ளூர் முன்பள்ளிகள் கொடுத்த படியைவிடப் பல மடங்கு சம்பளம். பாதுகாப்பு அமைச்சின் கீழ் பாலர் வகுப்பா என்று கேட்டவர்களும், வீட்டு நிலைமையால் போய்ச் சேர்ந்தார்கள்.

பயிற்சியை நீயே கொடு, ஆனால் சான்றிதழை அரச தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவிடம் வாங்கிக்கொடு. கைத்தொழில் தெரிந்தவர் வகுப்புக்குப் போகாமலே, முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை எடுக்கலாம்: செய்த வேலைக்கு ஆதாரம் சேர்த்து விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் வந்து செய்து காட்டச் சொல்லுவார், கேள்வி கேட்பார். மூன்றாம், நான்காம் மட்டம் கையில் இருந்தால் உன் நிலையம் நாளைக்கு மூடினாலும் அவள் வேறிடத்தில் புதுப்பயிலுநராகத் தொடங்கவேண்டியதில்லை. தமிழ் மதிப்பீட்டாளர் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுது. கேட்காவிட்டால், கைவேலை சரியாயிருந்தும் வாய்க்கேள்வியில் விழுவார்கள்.

மெசினுக்குக் காசு அனுப்பமுன் இரண்டு விஷயம் எழுது: ஓடர் யாரிடமிருந்து, எத்தனை மாதத்துக்கு? அது தெரியாவிட்டால் இருபதை எட்டாக்கிப் பள்ளிச் சீருடையில் தொடங்கு. பிறகு, வரும்போது பத்து அங்குலத் துணிவெட்டும் கத்தரிக்கோல் நல்லதாக இரண்டு கொண்டுவா.

அன்புடன்,
உன் பழைய நண்பன்