கிளைசின் எங்கே இருந்தது என்றும் எழுதுங்கள்: மரபணுப் பரிசோதனைக் கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

மரபணுப் பரிசோதனைக் கூடங்களை நடத்துவோருக்கும் அவற்றின் அறிக்கைகளில் கையெழுத்திடுவோருக்கும்,

வணக்கம்.

புரதங்களின் கட்டமைப்பை ஆராய்வது என் வேலை. நோயாளிகளைப் பார்ப்பவன் அல்ல. ஆனாலும் நீங்கள் தரும் ரிப்போர்ட்டுகள் எப்படியோ என்னிடம் வந்து சேர்கின்றன. எலும்பு மருத்துவர்கள் அனுப்புகிறார்கள், சில சமயம் பெற்றோரே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். "இதுல என்னதான் சார் சொல்லியிருக்காங்க?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். கேட்பவர்களில் பலர் ஓ.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, அதாவது எலும்பு எளிதில் முறியும் நோய் உள்ள குழந்தைகளின் வீட்டார்.

பக்கம் பக்கமாகப் பொறுப்புத் துறப்பு இருக்கும். விஷயம் ஒரு வரிதான்: எலும்புக்கு வலுத் தரும் கொலாஜன் புரதத்துக்கான கோல்1ஏ1 மரபணுவில் இன்ன எண்ணில் கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் செரின் வந்திருக்கிறது, பொருள் உறுதியாகாத மாற்றம், அதாவது நோய் தருமா என்று சொல்ல முடியாதது. கீழே நாலைந்து கணினி நிரல்களின் மதிப்பெண்கள். எல்லாக் கூடங்களும் இப்படி எழுதுவதில்லை என்பது தெரியும். எழுதுகிறவர்களுக்காகத்தான் இந்த மடல்.

கொலாஜனில் கிளைசின் எங்கே வேண்டுமானாலும் வந்து போகிற அமினோ அமிலம் அல்ல. மூன்று சங்கிலிகள் கயிற்றின் புரிகளைப் போல ஒன்றையொன்று சுற்றி நிற்கும் புரதம் அது. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஒரு அமினோ அமிலம் நடு அச்சுக்குள் வந்தே ஆக வேண்டும். உள்ளே இடம் கிடையாது. பக்கத் தொகுதி என்று ஒற்றை ஹைட்ரஜன் அணுவை மட்டும் வைத்திருக்கும் கிளைசின்தான் அங்கே அடங்கும். ஒன்றாம் வகைக் கொலாஜனின் ஆல்ஃபா-1 சங்கிலியில், இப்படி மூன்றாகச் சுற்றிக்கொள்ளும் முச்சுருள் பகுதிக்கு 1,014 அமினோ அமிலங்கள், அதாவது 338 மும்மைகள். 338-லும் கிளைசின் இருக்கிறது.

இது சென்னையில் போடப்பட்ட கணக்கு என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜி. என். ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ் கதிரில் படம்பிடித்து, 1954-லும் 1955-லும் 'நேச்சர்' இதழில் மூன்று சங்கிலி அமைப்பை முன்வைத்தார்கள். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற வேதியியல் தகவல்தான் அவர்களுக்குக் கிடைத்த முக்கியத் துப்பு. ஒரு மும்மைக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று அவர்கள் சொன்னதை அலெக்சாண்டர் ரிச், ஃபிரான்சிஸ் கிரிக் என்ற விஞ்ஞானிகள் மறுத்தார்கள். நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்ற ரிச், கிரிக் வாதமே பின்னால் நின்றது. ஆனால் மூன்று சங்கிலி, மூன்றாவது இடம்தோறும் கிளைசின் என்ற அடித்தளத்தை யாராலும் அசைக்க முடியவில்லை.

படிகத்தில் அணு அளவில் தெளிவாகப் பார்க்கப்பட்ட முதல் முச்சுருளே ஒரு பழுதுபட்ட முச்சுருள்தான். 1994-ல் பெல்லா, ஈட்டன், பிராட்ஸ்கி, பெர்மன் ஆகியோர் 1.9 ஆங்ஸ்ட்ரம் துல்லியத்தில் வெளியிட்டது அது. ஒரு சிறு கொலாஜன் பெப்டைடின், அதாவது குட்டிச் சங்கிலியின், நடுவில் கிளைசினை எடுத்துவிட்டு அலனினை வைத்திருந்தார்கள். அலனின் கிளைசினைவிட ஒரே ஒரு மெத்தில் தொகுதி பெரியது. அதற்கே அந்த இடத்தில் சுருளின் முறுக்கு தளர்ந்துவிட்டது. சங்கிலிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, அந்த இடைவெளியில் நீர் மூலக்கூறுகள் புகுந்து பாலம் போட்டிருந்தன. அலனினுக்கே இந்தப் பாடு. உங்கள் ரிப்போர்ட்டுகளில் வருவது செரின், சிஸ்டீன், ஆர்ஜினின், அஸ்பார்டிக் அமிலம். எல்லாமே அலனினைவிடப் பெரியவை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒன்றாம் வகைக் கொலாஜனின் மூன்று சங்கிலிகளில் கோல்1ஏ1 தரும் ஆல்ஃபா-1 இரண்டு, கோல்1ஏ2 தரும் ஆல்ஃபா-2 ஒன்று. குழந்தையின் இரண்டு கோல்1ஏ1 பிரதிகளில் ஒன்றில் மட்டும் கிளைசின் மாறியிருந்தாலும், இரண்டு ஆல்ஃபா-1 சங்கிலிகளும் நல்லவையாக அமையும் வாய்ப்பு கால் பங்குதான். முக்கால் பங்கு மூலக்கூறுகளில் பழுதான சங்கிலி ஏறிவிடும். மாற்றம் கோல்1ஏ2-வில் என்றால் பாதி. அதே கோல்1ஏ1-ல், புரதம் கட்டுவதைப் பாதியில் நிறுத்தச் சொல்லும் நிறுத்தக் குறி விழுந்து ஒரு பிரதி முழுவதுமே வீணாகிப் போனாலோ, பெரும்பாலும் நோய் லேசாகத்தான் இருக்கும்: கொலாஜன் பாதி அளவு, ஆனால் உருவானதெல்லாம் சரியான கொலாஜன். மரபணுவே நின்றுபோனது லேசு, ஓர் அமினோ அமிலம் மாறியது கடுமை என்றால் பெற்றோருக்கு எப்படிப் புரியும்? கட்டமைப்பைச் சொன்னால்தான் புரியும்.

எண் விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. ஓ.ஐ.-யில் முதலில் அடையாளம் காணப்பட்ட கிளைசின் மாற்றம் 1986-ல் வெளியானது: 988-ஆம் கிளைசின் சிஸ்டீனாகியிருந்தது, உயிரைப் பறித்த வகை. அது முச்சுருளின் தொடக்கத்திலிருந்து எண்ணிய எண். இன்றைய முறையில் புரதத்தின் முதல் மெத்தியோனினிலிருந்து எண்ணுகிறோம். அப்படி எண்ணினால் அதுவே 1166. கோல்1ஏ1-க்கு வித்தியாசம் 178, கோல்1ஏ2-க்கு 90. பழைய ஆய்வுத்தாள்களில் இருக்கிற நோயாளியும் உங்கள் முன்னால் இருக்கிற நோயாளியும் ஒரே மாற்றத்தைச் சுமந்தாலும், இந்தக் கழித்தலைப் போடாதவருக்கு அது புது மாற்றமாகவே தெரியும். "இதுவரை பதிவாகவில்லை" என்று எழுதிவிடுவார்.

கணினி நிரல்கள் இருக்கின்றனவே என்பீர்கள். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரலை உருவாக்கியவர்களுக்கு 2024-ல் வேதியியல் நோபல் கிடைத்தது தகுதியானதே. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஓர் அமினோ அமிலம் மாறினால் என்ன ஆகும் என்று சொல்வதற்காக அது செய்யப்படவில்லை. அதன் பொதுத் தரவுத்தளத்தில் கிடைத்துவந்த கொலாஜன் மாதிரியும் தனிச் சங்கிலிக்கானது. மூன்று சங்கிலி சேராமல் முச்சுருள் ஏது? 2023-ல் வந்த ஆல்ஃபாமிஸ்சென்ஸ் 7.1 கோடி மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு, 57 சதவீதம் தீங்கற்றவையாக இருக்கலாம், 32 சதவீதம் நோய் தரலாம் என்று பிரித்தது. உதவியான பட்டியல்தான். ஆனால் மதிப்பெண் காரணம் சொல்லாது.

கட்டமைப்பால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. முச்சுருளுக்கு வெளியே இருக்கும் கிளைசினுக்கு இந்த வாதம் செல்லாது. உள்ளேயும் கிளைசின் அல்லாத இடங்கள் வேறு கதை: முச்சுருள் எண் 836-ல் ஆர்ஜினின் சிஸ்டீனானால் வருவது கேஃபி நோய், கைக்குழந்தையின் எலும்பு தற்காலிகமாகத் தடித்துப் பிறகு பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அத்தகைய இடங்களில் "உறுதியாகவில்லை" என்று எழுதுவதே நேர்மை. அச்சுக்குள் இருக்கிற கிளைசினுக்கும் அதே சொற்றொடரைப் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்தச் சொற்றொடர் வீட்டுக்குப் போனதும் என்ன ஆகிறது தெரியுமா? "சொந்தத்துல கட்டுனதாலதான் இப்படி" என்று பாட்டி சொல்வார். குற்றம் தாயின் தலையில் விழும். ஒடுங்கு மரபில், அதாவது இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டும், வரும் ஓ.ஐ. வகைகள் உண்டு, அங்கே சொந்தத் திருமணம் ஒரு காரணம்தான். கோல்1ஏ1 கிளைசின் மாற்றம் அப்படியல்ல: ஒரு பிரதி மாறினாலே போதும், கடுமையான வகைகளில் பெரும்பாலும் அது குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது. அதே சமயம், பெற்றோரில் ஒருவரின் இனப்பெருக்க செல்களில் மட்டும் அது ஒளிந்திருக்கவும் கூடும். அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இந்த இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இது. கொலாஜனில் கிளைசின் மாறியிருந்தால், எந்தச் சங்கிலி, முச்சுருளுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை இரண்டு எண்முறைகளிலும் எழுதுங்கள். நோய்க் காரணம் என்று வகைப்படுத்த அந்த இடமே ஒரு சான்று; 2015-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டு நெறிகளே அதற்கு இடம் தருகின்றன, நீங்கள் அன்றாடம் மேற்கோள் காட்டுவதும் அவற்றைத்தான். பெற்றோர் இருவரின் மாதிரியையும் கேட்டு வாங்குங்கள். உறுதியாகாதவை என்று முன்பு எழுதியவற்றை மறுபடி எடுத்துப் பார்த்து, மாறியிருந்தால் மருத்துவருக்குத் தகவல் கொடுங்கள். பெயரும் ஊரும் நீக்கி, ஒப்புதல் வாங்கி, கிளின்வார் போன்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். இங்குள்ள குழந்தைகளின் மாற்றங்கள் உங்கள் சர்வர்களிலேயே பூட்டிக் கிடந்தால், அடுத்த ஊர்க் கூடத்துக்கு அது மறுபடியும் "இதுவரை பதிவாகாத" மாற்றம்தான்.

இப்படிக்கு,
புரதக் கட்டமைப்பு ஆய்வாளர் ஒருவர்
சென்னை