மன்னார் வளைகுடாவைப் பாடமாக்கப்போகும் தோழிக்கு

ஊட்டி,
டிசம்பர்

அன்புள்ள கலைச்செல்விக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதமும் கூடவே அனுப்பிய பாடத்திட்டமும் கிடைத்தன. மண்டபம் பக்கம் மாற்றலாகிப் போனது உனக்குச் சோர்வாக இருக்குமோ என்று நினைத்திருந்தேன். உன் எழுத்தில் உற்சாகம்தான் தெரிகிறது. இங்கே உறைபனி தொடங்கிவிட்டது, காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி மட்டும்தான், மற்றபடி சுகம். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

பாடத்திட்டத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஆறு வாரம் ஒதுக்கியிருப்பது சரி. தலைப்பில்தான் எனக்கு மறுப்பு. "காலநிலை மாற்றத்தால் அழியும் உயிரினங்கள்" என்று வைத்தால், எல்லா அழிவுக்கும் வெயிலே காரணம் என்று பிள்ளைகள் முதல் நாளே முடிவு செய்துவிடுவார்கள். ஐ.நா. ஆதரவில் இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழு (ஐபிபிஇஎஸ்) 2019 இல் வெளியிட்ட அறிக்கை ஐந்து நேரடிக் காரணங்களை வரிசைப்படுத்துகிறது: நிலத்தையும் கடலையும் நாம் பயன்படுத்தும் விதம், உயிரினங்களை நேரடியாகப் பிடிப்பதும் வெட்டுவதும், காலநிலை மாற்றம், மாசு, அயல் இனங்களின் பரவல். காலநிலை மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது. நிலத்தில் முதலிடம் நிலப் பயன்பாட்டுக்கு, கடலில் முதலிடம் மீன்பிடிப்புக்கு. இந்த வரிசையை முதல் வாரமே கரும்பலகையில் எழுதிவிடு. அதன் பிறகு பவளப்பாறைக்கு வா. மூன்றாவதாக நிற்கும் காரணம் ஓரிடத்தில் எப்படி முதலாவதாக மாறுகிறது என்பதைக் காட்ட உன் பள்ளிக்கு எதிரே இருக்கும் கடலை விடப் பொருத்தமான இடம் இல்லை.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். 1986 இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அங்கே 1998, 2010, 2016, 2024 என நான்கு முறை, வெப்பத்தால் பவளம் நிறமிழக்கும் பெரிய வெளிறல் நடந்திருக்கிறது. 2016 இல் உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகக் குறைந்தது. இந்த எண்ணைச் செய்தித்தாளில் "16 சதவீதப் பவளம் அழிந்தது" என்று போடுவார்கள். பிள்ளைகளையே வகுக்கச் சொல்: 16.2 ஐ 38.9 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42 சதவீதம் வரும். கடலடித் தரையின் மொத்தப் பரப்பில் நூற்றுக்குப் பதினாறு. இருந்த பவளத்தில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு. சதவீதப் புள்ளிக்கும் சதவீதத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கு ஆசிரியர் ஒரு மாதம் சொல்வதை விட இந்த ஒரு கணக்கு நன்றாகப் பதிய வைக்கும்.

வெளிறல் என்றால் சாவு என்று எழுதாத பிள்ளை அரிது. பவள உயிரியின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரை தருகிறது. வெப்பம் ஏறும்போது அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி நச்சான ஆக்சிஜன் வடிவங்கள் உண்டாகும். பவளம் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய்ச் சுண்ணாம்புக் கூடு தெரியும். அந்த நிலையில் பவளம் உயிரோடுதான் இருக்கிறது, பட்டினியாக. சில வாரத்தில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும். இல்லையென்றால் சாகும், அதன்மேல் வேறு பாசி படரும். 2016 இல் கிளைக் கிளையாக வேகமாக வளரும் அக்ரோப்போரா வகை பெரும் அடி வாங்கியது. உருண்டைப் பாறையாக மெதுவாக வளரும் போரைட்டஸ் பெரும்பாலும் மீண்டது. அதனால் பாறை இருக்கும், ஆனால் அதில் குஞ்சு மீன்கள் ஒளியும் கிளைகள் இருக்காது. பல்லுயிர் இழப்பு என்பது எண்ணிக்கை குறைவது மட்டுமில்லை, எது குறைகிறது என்பதும்தான் என்று இங்கே நிறுத்திச் சொல்.

அடுத்தது வெப்பவாரக் கணக்கு. இதற்கு முழுதாக ஒரு வகுப்பு ஒதுக்கு. ஓரிடத்தில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் நீண்டகாலச் சராசரியைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் 1 டிகிரி அல்லது அதிகமாக ஏறிய வாரங்களின் ஏற்றத்தை மட்டும் 12 வாரத்துக்குக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 4 ஐத் தொட்டால் வெளிறல், 8 ஐத் தொட்டால் பெருஞ்சாவு எதிர்பார்க்கலாம். பயிற்சிக்காகச் சராசரியை 30 டிகிரி என்று வைத்து ஆறு வாரத்துக்கு 30.6, 31.0, 31.2, 31.5, 30.8, 31.3 என்று கொடு. சரியான விடை 5.0. பாதிப் பேர் 6.4 என்பார்கள், ஒரு டிகிரிக்குக் கீழே உள்ள 0.6 ஐயும் 0.8 ஐயும் சேர்த்துவிடுவதால். அவை ஏன் சேராது என்று அவர்களையே கேள். பவளம் சிறிய ஏற்றத்தைத் தாங்கும். நீடித்த ஏற்றத்தைத் தாங்காது.

உண்மையான அளவுக்கு அமெரிக்காவின் நோவா நிறுவனம் 5 கிலோமீட்டர் கட்டங்களாக நாள்தோறும் வெளியிடும் கடல் வெப்ப வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சிக்கல்: மன்னார் வளைகுடாவில் வெளிறல் ஏப்ரல் முதல் ஜூன் வரை, அதாவது உன் பள்ளி பெரும்பாலும் மூடியிருக்கும் காலத்தில். மார்ச்சிலேயே குழு பிரித்து, வாரம் ஒருவர் வரைபடத்தைப் பார்த்து எண்ணைக் குறித்துவைக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை; நாட்டுப்படகுகள் போகும். படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவிடம் வெப்பமானி கொடுத்து விடலாம். காலை ஏழு மணிக்குள், கரையை விட்டுத் தள்ளி, அரை மீட்டர் ஆழத்தில் புட்டியை அமிழ்த்தி எடுத்த நீரில் அளக்கட்டும். கரையோரத்து முழங்கால் தண்ணீரில் நண்பகலில் அளந்தால் மணல் சூட்டையும் சேர்த்து அளந்ததாகும். செயற்கைக்கோள் கணக்கும் பகல் வெயிலின் சூட்டைத் தவிர்க்க இரவு அளவைத்தான் எடுத்துக்கொள்கிறது.

இரண்டாம் வாரத்தில் முட்டை ஓட்டை வினிகரில் போட்டுக் கடல் அமிலமாவதைக் காட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். அதை விட்டுவிடு. வினிகரின் பிஎச் ஏறத்தாழ 2.5, கடல் 8.2 இலிருந்து 8.1 க்குத்தான் வந்திருக்கிறது. நுரைத்துக் கரையும் ஓட்டைப் பார்த்த பிள்ளைக்குக் கடலே கரைக்கும் அமிலம் என்று தோன்றிவிடும். அதற்குப் பதில், காரத்தில் நீலமாகவும் அமிலத்தில் மஞ்சளாகவும் நிறம் மாறும் புரோமோதைமால் நீலம் வைத்துச் செய். ஒரு குவளையில் 100 மில்லி கடல்நீர், இன்னொன்றில் 100 மில்லி ஆர்.ஓ. தண்ணீர், இரண்டிலும் ஐந்தைந்து சொட்டு. ஆர்.ஓ. தண்ணீர் பெரும்பாலும் சற்றே அமிலமாக இருக்கும். சுண்ணாம்புத் தெளிவை ஒவ்வொரு சொட்டாக விட்டு நீலத்துக்குக் கொண்டுவா. உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு அதிகம். உறிஞ்சுகுழலால் ஊதச் சொல், உறிஞ்சக் கூடாது என்று முன்பே எச்சரி. மூச்சிலுள்ள கரியமில வாயு கரைந்து ஆர்.ஓ. தண்ணீர் சட்டென்று மஞ்சளாகும். கடல்நீர் பச்சைக்கே மெதுவாகத்தான் வரும், அதிலுள்ள பைகார்பனேட்டு தாக்குப்பிடிப்பதால். அவ்வளவு தாங்கும் கடலே 0.1 இறங்கியிருக்கிறது என்று அதன் பிறகு சொல். 0.1 என்பது சிறிதாகத் தெரியும். பத்தின் அடுக்கு 0.1 என்பது 1.26, ஆக ஹைட்ரஜன் அயனி 26 சதவீதம் கூடியிருக்கிறது. மடக்கை தெரியாத வகுப்பாக இருந்தாலும் கணிப்பானில் போட்டுக் காட்டு.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன்: கரையில் ஒதுங்கிய பவளத்துண்டைக்கூட வகுப்புக்கு எடுத்துவரச் சொல்லாதே. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தீவில் இறங்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். காட்டுவதற்கு மட்டிச் சிப்பி போதும்.

இனி, உன் திட்டத்தில் இல்லாத பகுதி. காலநிலை உயிர்களைக் கெடுப்பதை மட்டும் எழுதியிருக்கிறாய். உயிர்கள் போவதால் காலநிலையின் அடி இன்னும் பலமாக விழுவதும் பாடத்தில் வர வேண்டும். அந்த 21 தீவுகளில் விளாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று நீருக்குக் கீழே. பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போய் மணல் அரித்தது; கடல்மட்டம் உயர்வது அதன்மேல் வந்து சேர்ந்தது. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் அப்படித்தான் சுருங்கி, இப்போது செயற்கைப் பாறைகள் போட்டுக் காக்கிறார்கள். வெறும் கடல்மட்டத்தைக் குற்றம் சொன்னால் வெட்டியெடுத்தவன் தப்பித்துவிடுகிறான். வெறும் வெட்டலைச் சொன்னால், அது நின்ற பிறகும் 2016 இல் ஏன் செத்தது என்பதற்குப் பதில் இல்லை. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற அயல் கடற்பாசி குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்தது 2008 இல் பதிவானது, இதையும் சேர்த்துக்கொள். ஐந்து காரணங்களையும் ஐந்து அட்டையில் எழுதி, ஒவ்வொரு குழுவும் அட்டைகளுக்கு நடுவே நூல் கட்டட்டும். ஒவ்வொரு நூலுக்கும் "எதனால்" என்று ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும். இந்த வாக்கியத்தைக் கேட்காவிட்டால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கட்டிவிட்டு எழுந்துபோவார்கள்.

கடற்புல்லுக்கும் கொஞ்சம் நேரம் கொடு. அது பிடித்துவைக்கும் கார்பனில் பெரும்பங்கு இலையில் இல்லை, அடியில் படியும் சேற்றில் இருக்கிறது. இழுவை வலை புல்லைப் பிடுங்கும்போது அந்தச் சேறும் கலங்குகிறது. பாக் விரிகுடாவில் 2022 இல் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான (கடற்பசு) காப்பகமாக அறிவித்தார்கள். அது காப்பது ஆவுளியாவை மட்டுமில்லை, அந்தச் சேற்றையும்தான்.

கடலுக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு நிலத்தில் ஒரு வேலை: பள்ளிக்குப் பின்னால் இருக்கும் சீமைக் கருவேலத் திட்டு. அரை அங்குல பிவிசி குழாயில் ஒரு மீட்டர் துண்டு நாலு, எல்போ நாலு, சதுரச் சட்டம் தயார். கருவேலத்தடியில் பத்து இடம், அது இல்லாத புல்தரையில் பத்து இடம்; ஒவ்வோர் இடத்திலும் சட்டத்துக்குள் இருக்கும் செடிகளை இனவாரியாக எண்ண வேண்டும். சட்டத்தை வீசிப் போட விடாதே. வீசுகிற கை தன்னை அறியாமல் முள் இல்லாத இடத்தைத் தேடும். இரண்டு பக்கமும் 20 மீட்டர் நாடா விரித்து, குலுக்கிய எண்களைக் கொண்டு இடத்தைக் குறி. சட்டத்தின் கோட்டில் நிற்கும் செடிகளில் இரண்டு பக்கத்தவற்றை மட்டும் எண்ணு, மற்ற இரண்டு பக்கத்தை விடு. புல்லைத் தூர்தூராக எண்ண முடியாது, பரப்பைச் சதவீதமாக மதிப்பிடு. இரண்டு இடத்தையும் ஒரே வாரத்தில் முடி; மழைக்குப் பிந்திய டிசம்பரையும் காய்ந்த மார்ச்சையும் ஒப்பிட்டால் பருவத்தைத்தான் அளந்திருப்பாய்.

கணக்குக்கு, இனங்களின் பன்மையை ஒரே எண்ணாகச் சொல்லும் சிம்சன் குறியீடு போதும்; விடை ஒன்றை நெருங்க நெருங்கப் பன்மை அதிகம். ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கையையும் அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கிக் கூட்டு; மொத்த எண்ணிக்கையை அதில் ஒன்று குறைத்த எண்ணால் பெருக்கியதால் வகு; விடையை ஒன்றிலிருந்து கழி. ஓரிடத்தில் 17, 1, 1, 1 என்றும் இன்னோரிடத்தில் 6, 5, 5, 4 என்றும் கொடு. இரண்டிலும் நான்கு இனம், இருபது செடி. முதலாவது 0.28, இரண்டாவது 0.78. இன எண்ணிக்கையை மட்டும் எழுதினால் எவ்வளவு மறைந்துபோகும் என்று அவர்களே சொல்வார்கள்.

கடைசி வாரத்துக்கு மரம் நடுவதை வைத்திருக்கிறாய். எங்கே, என்ன மரம் என்று கேட்காமல் நடாதே. இங்கே நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) புல்வெளியை விழுங்கியதை நீயே பார்த்திருக்கிறாய். சோலை மரக் கன்றுகள் திறந்த வெளியின் உறைபனியைத் தாங்குவதில்லை, புல் தாங்கும். சீகையோ பரவிக்கொண்டே போகிறது. இந்தப் புல்வெளியின் கார்பன் மண்ணுக்குள் இருக்கிறது, வரையாடு மேய்வதும் இங்கேதான். தமிழகக் கடற்கரையிலும் 2004 சுனாமிக்குப் பிறகு நெருக்கி நட்ட சவுக்கு, பங்குனி ஆமை குழி தோண்டும் மணலைப் பிடித்துக்கொண்ட இடங்கள் உண்டு. கார்பனுக்கு நல்லது என்று செய்வது பல்லுயிருக்குக் கெடுதலாக முடியலாம் என்பதைப் பத்தாம் வகுப்புக்குப் போகுமுன் அவர்கள் ஒருமுறை விவாதித்தாக வேண்டும். நடுவதாக இருந்தால் பள்ளி வளாகத்தில் பூவரசும் புங்கமும் நடு.

தேர்வுக்கு ஒரே கேள்வி பரிந்துரைக்கிறேன்: "இழுவை வலையும் கழிவுநீரும் முழுவதும் நின்றுவிட்டது, கடல் வெப்பம் மட்டும் இப்போதுபோல் ஏறுகிறது. பத்தாண்டில் பாறை என்னவாகும்? காரணம் எழுதுக." மீளும் வேகம் கூடும், ஆனால் அடுத்தடுத்த வெளிறலுக்கு நடுவே போதிய ஆண்டுகள் கிடைக்காது என்று இரண்டையும் எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண் கொடு.

சதுரச் சட்டக் கணக்கை ஜனவரி முதல் வாரம் வைத்துக்கொள்ள முடியுமா? எங்கள் பிள்ளைகளும் சீகைக்கு அடியிலும் புல்வெளியிலும் அதே வாரம் எண்ணுவார்கள், தாள்களை மாற்றிக்கொள்ளலாம். தேதி, கடைசி மழை பெய்த நாள், எண்ணியவர் பெயர் மூன்றும் ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும். உன் ஆய்வகத்தில் புரோமோதைமால் நீலம் இல்லையென்றால் உடனே எழுது, ஒரு புட்டி அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
வசந்தா