பள்ளிச் சோற்றுக்குக் கணக்குப் போட்டவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிகளில் மதிய உணவு வளர்ந்த கதையைச் சொன்ன தங்கள் கட்டுரை படித்தேன். 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் தொடங்கியது, காமராஜர் காலத்துத் திட்டம், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு எல்லாம் சரியாகவே வந்திருக்கின்றன. காமராஜர் காலத்தில் அதை நடத்திக் காட்டிய அதிகாரியின் பெயர்தான் இல்லை. நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் 1912 அக்டோபர் 12 அன்று பிறந்தவர். 1954இல் பொதுக்கல்வி இயக்குநர் ஆனவர்.

திட்டம் ஊரார் கொடையில்தான் ஆரம்பமானது. 1957 நவம்பரிலிருந்து அரசுப் பணமும் சேர்ந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் பத்துக் காசு. அரசு ஆறு, ஊர் நான்கு. (நயா பைசா என்ற அந்தப் புதுக் காசு புழக்கத்துக்கு வந்தே அப்போது ஏழெட்டு மாதம்தான்!) நூறு பிள்ளைகள் சாப்பிடும் பள்ளி என்றால் ஊர் தினமும் நான்கு ரூபாய் தேற்ற வேண்டும். 200 வேலை நாளுக்கு 800 ரூபாய். அன்றைய கிராமத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. அறுவடை முடிந்த கையோடு நெல்லாகவே வாங்கி வைத்த ஊரில் அடுப்பு எரிந்தது. மாதாமாதம் காசாக வசூலிக்கலாம் என்று இருந்த ஊரில் ஆடி வந்தால் கை வறண்டுவிடும். அரிசியும் பருப்பும் விறகும் வாங்குவது, வருகைப் பதிவேட்டோடு சாப்பாட்டுக் கணக்கை ஒத்துப் பார்ப்பது என்று வாத்தியார் தலையில் சுமை ஏறியதும் உண்மை. எனக்கு அதில் இன்றும் குறை உண்டு. ஆனால் முழுப் பணமும் கஜானாவிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை பட்டினியோடு மாடு மேய்த்திருக்கும்.

இதைவிடப் பெரிதாக நான் நினைப்பது அவர் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை. முதல் மாநாடு 1958இல் திருவள்ளூர் பக்கத்துக் கடம்பத்தூரில் நடந்தது. மாநாடு என்றதும் மேடைப் பேச்சு நினைவுக்கு வரும்; வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதுவார்கள்: கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், குடிநீர்க் கிணறு, சுற்றுச்சுவர், ஒரு வகுப்பறை. ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. பட்டியலோடு ஊருக்குள் போனால் வசதியுள்ளவர் அறை கட்டித் தருவார், இல்லாதவர் ஒரு பள்ளி மணியாவது வாங்கித் தருவார். ‘பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை’ என்று வெறுங்கையோடு கேட்டால் இரண்டு ரூபாயோடு அனுப்பிவிடுவார்கள். ‘மூன்றாம் வகுப்புக்கு நாலு பெஞ்சு’ என்று கேட்டால் தச்சரைக் கூப்பிடுவார்கள். கொடுத்தது கண்ணெதிரே நிற்பதால், பணம் எங்கே போனது என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் இப்படி ஊர்க்கொடையாகத்தான் முதலில் வந்தது.

உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த திட்டம் 1955இல் வந்ததும் அவர் இயக்குநராக இருந்தபோதுதான். பிறகு 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1961இல் பத்மஸ்ரீ.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1940இல், வெள்ளைக்காரன் அரசில் சம்பளம் வாங்கிக்கொண்டே, சாதி மறுத்துச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர் அவர். துணைவியார் காந்தம்மாள், சுயமரியாதை இயக்க எழுத்தாளர் குத்தூசி குருசாமியின் மனைவி குஞ்சிதம் அம்மையாரின் தங்கை. பெரியாரின் பற்றாளர் ஒருவர் காங்கிரஸ் ஆட்சியில் கல்வித் துறையின் தலைமை அதிகாரியாக இருந்தார், முதல்வரும் அவரை முழுதாக நம்பினார் என்பது இன்று படிப்பவருக்கு வியப்பாக இருக்கலாம். 1993 ஏப்ரலில் மறைந்தார். மூன்று தொகுதிகளாக ‘நினைவு அலைகள்’ என்ற தன்வரலாற்றை விட்டுச் சென்றிருக்கிறார்.

கட்டுரை நூலாக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் 1957ஆம் ஆண்டுக்கு எதிரே அவர் பெயரையும், அந்த ஆறு காசு – நாலு காசுக் கணக்கையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
காஞ்சிபுரம் மாவட்டம்.